பி0, பி1, பி2... இதுக்குப் பேரு பாதுகாப்பா?

டைவ் கம்ப்யூட்டர் வாங்கப் போறேன், எது நல்லதுன்னு கேட்டு மாசத்துக்கு ஒரு மெயிலாவது வந்துடுது. நான் கடலுக்குள்ள முங்குற ஆளுன்னு ஊருக்கே தெரிஞ்சு போனதோட விளைவு. கேக்குறவங்க எல்லாம் விவரமானவங்கதான். கலர் ஸ்க்ரீனா, பேட்டரிய நாமளே மாத்திக்கலாமா, ஆபீசுக்கும் கட்டிட்டுப் போற மாதிரி இருக்குமா, எல்லாம் கேப்பாங்க. இத்தனை வருஷத்துல ஒரு ஆள் கூட "அதுல கன்சர்வேட்டிசம் எவ்வளவு வெச்சிருக்கான், அதை யாரு முடிவு பண்றது?"ன்னு கேட்டதில்ல. ஒரே ஒரு ஆள் கூட.

இந்தப் பதிவு அந்தக் கேள்வியைப் பத்தி. கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும், பொறுத்துக்குங்க. டைவிங் பக்கமே தலை வெச்சுப் படுக்காத மக்களும் தைரியமாப் படிக்கலாம். நம்ம உயிரோட சம்பந்தப்பட்ட ஒரு நம்பரை விக்கிறவன் நம்மகிட்டயே சொல்லாம இருக்கலாமாங்கறதுதான் பஞ்சாயத்து.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன பாடம். கோலி சோடாவை நினைச்சுக்குங்க. கடல்ல பத்து மீட்டர் இறங்கினா ஒரு பார் அழுத்தம் கூடும். 30 மீட்டர்ல மேல இருக்குறதை விட நாலு மடங்கு. சிலிண்டர்ல இருந்து இழுக்குற காத்துல சுமார் 79 சதவீதம் நைட்ரஜன். அது ரத்தம், தசை, கொழுப்புன்னு எல்லா இடத்துலயும் கரைஞ்சுகிட்டே இருக்கும். மெதுவா மேல வந்தா நுரையீரல் வழியா சத்தமில்லாம வெளிய போயிடும். அவசரமா வந்தா கோலியைத் தட்டின சோடா மாதிரி உடம்புக்குள்ளயே பொங்கும். மூட்டு வலி, மரத்துப் போறது, மோசமா போனா இடுப்புக்குக் கீழ வெளங்காம போறது. இதுக்குத்தான் பெண்ட்ஸ்னு பேரு.

இந்தக் கணக்கைப் போட்டு "இன்னும் இத்தனை நிமிஷம் இருந்துட்டு நேரா மேல வரலாம்"னு காட்டுறதுதான் கையில கட்டுற அந்தப் பெட்டியோட வேலை. அந்த நிமிஷத்தைத் தாண்டிட்டா நேரா வர முடியாது, நடுவுல நின்னு நின்னுதான் வரணும். அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் எல்லாரும் நிக்கிறோமே, அது சேஃப்டி ஸ்டாப், ஒரு உபரி ஜாக்கிரதை. நான் சொல்றது அது இல்ல. இது கட்டாயம் நின்னே ஆகவேண்டிய டெகோ ஸ்டாப்.

இங்கதான் முதல் மூடநம்பிக்கை. மணிக்கட்டுல கட்டியிருக்குறதால அது என்னமோ நம்ம நாடி பிடிச்சுப் பாத்து சொல்லுதுன்னு பாதிப் பேரு நினைச்சுகிட்டு இருக்காங்க. அதுக்குத் தெரிஞ்சது மூணே விஷயம்: எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எந்தக் காத்துன்னு நீங்க அதுகிட்ட சொன்னது. தண்ணி எவ்வளவு ஜில்லுன்னு அளக்கும், உங்க உடம்பு எவ்வளவு ஜில்லுன்னு இருக்குன்னு தெரியாது. ராத்திரி நீங்க தூங்கினீங்களா, நாலு பீர் அடிச்சீங்களா, நீரோட்டத்தை எதிர்த்து மூச்சு முட்ட நீந்துனீங்களா, எதுவும் தெரியாது. நாலுல ஒருத்தருக்கு இதயத்தோட மேலறைகளுக்கு நடுவுல பிறவியில இருந்தே ஒரு சின்ன ஓட்டை மூடாம இருக்கும். அது வழியா குமிழ் நேரா தமனிப் பக்கம் தாவ முடியும். அந்த நாலுல ஒருத்தர் நீங்களான்னும் அதுக்குத் தெரியாது. பெரும்பாலும் உங்களுக்கே தெரியாது.

அப்போ அது யாருக்காகக் கணக்கு போடுது? ஒரு கற்பனை ஆளுக்காக. அந்த ஆளோட தாத்தா ஆடு :-) நெஜமாத்தான். 1908ல ஹால்டேன்னு ஒரு விஞ்ஞானி பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை அழுத்த அறையில அடைச்சுப் பாத்துத்தான் முதல் அட்டவணையைப் போட்டார். உடம்பை அஞ்சு திசுவா பிரிச்சு, ஒவ்வொண்ணும் வேகமாவோ மெதுவாவோ நைட்ரஜனை வாங்கும்னு கணக்கு. 1965ல அமெரிக்கக் கடற்படையில வொர்க்மன், ஒவ்வொரு திசுவும் எவ்வளவு தாங்கும்னு எம்-வேல்யூன்னு ஒரு எல்லைக்கோடு போட்டார். அப்புறம் ஜூரிச்ல ப்யூல்மான் அதை 16 திசுவாக்கினார். இன்னிக்கு நம்ம கையில இருக்குற கம்ப்யூட்டர்கள்ல பாதிக்கு மேல ஏதோ ஒரு வடிவத்துல அவரோட கணக்குதான் ஓடுது. எல்லாருமே பெரிய ஆளுங்க, எனக்கு அவங்க மேல ஒரு வருத்தமும் இல்ல.

ஆனா அந்தக் கோடு எங்க இருக்குன்னு பாருங்க. 30 மீட்டர், சாதாரண காத்து, அன்னிக்கு முதல் டைவ். எத்தனை நிமிஷம் இருக்கலாம்? அமெரிக்கக் கடற்படை அட்டவணை 25 நிமிஷம்ங்குது. படி அமைப்போட அட்டவணை 20ங்குது. கனடாக்காரங்களோட டிசியெம் அட்டவணை 15ங்குது. அதே கடல், அதே ஆழம், அதே மனுஷன்! ப்யூல்மான் கணக்கை நானே ஒரு ஞாயித்துக்கிழமை எக்செல்ல போட்டுப் பாத்தேன் (வீட்டம்மா திட்டினது தனிக்கதை). இறங்குற ஏறுற நேரத்தை விட்டுட்டா, அவர் போட்ட கோட்டை அப்படியே எடுத்தா சுமார் 16 நிமிஷம். கோட்டுல 85 சதவீதத்தோட நிறுத்திக்கிட்டா சுமார் 12. 75ல நிறுத்தினா 9.

25ல இருந்து 9 வரைக்கும். எது சரி? எல்லாமே சரி. ஏன்னா இந்தப் பக்கம் பத்திரம், அந்தப் பக்கம் ஆபத்துன்னு பிரிக்கிற கோடே கிடையாது. நேரம் கூடக்கூட பெண்ட்ஸ் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கொஞ்சமா ஏறுது, அவ்வளவுதான். எவ்வளவு ஏறலாம்ங்கறது ஒரு முடிவு. அந்த முடிவு எடுக்குற இடம்தான் கன்சர்வேட்டிசம் செட்டிங். அதாவது உங்க முதுகெலும்பை வெச்சு எவ்வளவு பந்தயம் கட்டலாம்னு சொல்ற நம்பர்.

இப்போ நம்ம கம்பெனிக்காரங்க அந்த நம்பரை எப்படிக் காட்டுறாங்கன்னு பாப்போம். சூன்டோவுல பி0, பி1, பி2. மாரெஸ்ல பி.எஃப்0, பி.எஃப்1. கிரெஸ்ஸியில எஸ்.எஃப்0, எஸ்.எஃப்1. ஸ்கூபாப்ரோவுல எல்0ல இருந்து எல்5 வரைக்கும் மைக்ரோபபிள் லெவலாம். கையேட்டைத் திறந்தா "சில ஆபத்துக் காரணிகள் இருந்தால் 1, பல இருந்தால் 2"ங்கற ரீதியில இருக்கும். சில எத்தனை? பல எத்தனை? 45 வயசும் தொப்பையும் ஒரு காரணியா, ரெண்டா? ஜாதகக்காரர் கூட இதை விடத் தெளிவா சொல்லுவாரு.

நியாயமா சொல்லணும்னா சில கையேடுகள்ல ஒவ்வொரு லெவலுக்கும் நிமிஷக் கணக்கு அட்டவணை போட்டிருப்பாங்க. ஆனா அது முதல் டைவுக்கு. ரெண்டாவது, மூணாவது டைவுல, அஞ்சாவது நாள்ல, அந்த "1" என்ன பண்ணுது? கோட்டை எவ்வளவு கீழ இறக்குது? அது கம்பெனி ரகசியம். ஒரு கம்பெனியோட பி1ஐ இன்னொரு கம்பெனியோட எஸ்.எஃப்1 கூட ஒப்பிடவே முடியாது. ரெண்டு பேரும் ஜோடியா முங்குறாங்க, ரெண்டு பேர் கையிலயும் "1". ஒருத்தருக்கு 14 நிமிஷம் மிச்சம், இன்னொருத்தருக்கு 6. தண்ணிக்கு அடியில கையால சைகை காட்டி இதுக்கு என்ன பஞ்சாயத்து பண்றது?

ஒரு பழைய பாலத்தை நினைச்சுக்குங்க. "10 டன்னுக்கு மேல் வாகனங்கள் செல்லக்கூடாது"ன்னு நெடுஞ்சாலைத்துறை போர்டு வெச்சிருந்தா லாரி டிரைவர் தன் வண்டி எடையைப் பாத்து முடிவு பண்ணுவாரு. அதுக்குப் பதிலா "கனமான வாகனம் எனில் கவனமாகச் செல்லவும், நிலை 1"ன்னு போர்டு வெச்சா? பாலம் இடிஞ்சா தப்பு டிரைவர் மேல. போர்டு வெச்சவனுக்கு ஜாலி. பி1ங்கறது எனக்கு அப்படித்தான் தெரியுது. பாதுகாப்பு டைவருக்கா, கம்பெனியோட வக்கீலுக்கா?

"சாதாரண ஆளுங்களுக்கு நம்பர் குடுத்தா கண்டபடி மாத்தி விளையாடுவாங்க"ன்னு ஒரு பதில் ரெடியா வெச்சிருப்பாங்க. இப்ப மட்டும் என்ன? நம்பர் தெரியாமயே மாத்தி விளையாடுறாங்க. 0 வெச்சா நிறைய நேரம், 2 வெச்சா கம்மி நேரம், இவ்வளவுதான் தெரியும். அப்ப எல்லாரும் 0தானே வெப்பான்? பெட்டியைத் திறந்ததுல இருந்து அந்த மெனு பக்கமே போகாதவங்கதான் பெரும்பான்மைங்கறது தனி சோகம்.

இதுக்கு மாத்து இல்லாம இல்ல. 1990கள் கடைசியில எரிக் பேக்கர்ங்கறவர் கிரேடியன்ட் ஃபேக்டர்னு ஒண்ணு கொண்டு வந்தார், சுருக்கமா ஜி.எஃப். ரொம்ப எளிமை. சுத்தி இருக்குற அழுத்தத்தை 0ன்னு வெச்சுக்குங்க. ப்யூல்மான் போட்ட எல்லைக்கோட்டை 100ன்னு வெச்சுக்குங்க. உங்க திசுவோட அழுத்தம் இந்த 0க்கும் 100க்கும் நடுவுல எது வரைக்கும் போகலாம்ங்கறதுதான் ஜி.எஃப். ரெண்டு எண் இருக்கும், 40/85ன்னு. முதல் எண், ஆழத்துல இருந்து வரும்போது முதல் டெகோ ஸ்டாப் எங்க ஆரம்பிக்கணும்ங்கறதுக்கு. ரெண்டாவது எண், கடைசியா தண்ணிக்கு மேல தலை தூக்கும்போது எவ்வளவு மிச்சம் இருக்கலாம்ங்கறதுக்கு. ஷியர்வாட்டர்ல லோ 45/95, மீடியம் 40/85, ஹை 35/75ன்னு பேரு வெச்சாலும் பக்கத்துலயே எண்ணையும் போட்டுடறாங்க. நீங்களே வேற எண்ணும் போட்டுக்கலாம். கார்மின்லயும் இப்படித்தான். சமீப வருஷங்கள்ல மத்த கம்பெனிகளும் ஒண்ணொண்ணா இந்தப் பக்கம் சாய ஆரம்பிச்சிருக்கு. லேட்டா வந்தாலும் வரட்டும்.

ஒண்ணை மட்டும் அழுத்தமா சொல்லிடறேன். 85ன்னா 85 சதவீதம் பாதுகாப்புன்னு அர்த்தம் இல்ல. 15 சதவீதம் ஆபத்துன்னும் அர்த்தம் இல்ல. கோட்டுக்கு எவ்வளவு முன்னாடி வண்டியை நிறுத்துறோம்ங்கறது மட்டும்தான்.

ஜி.எஃப் வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சான்னா, அங்கயும் நம்மாளுங்க ஒரு கூத்து பண்ணுவாங்க. டெக்னிக்கல் டைவிங் பண்றவங்க 30/70 வெச்சிருக்காங்கன்னு பாத்துட்டு, 18 மீட்டர்ல பவளப்பாறையில மீன் பாக்கப் போற ஆளும் 30/70 வெச்சுக்குவாரு. கேட்டா "முதல் நம்பர் 30, ரொம்ப கம்மி, ரொம்ப சேஃப்"னு பெருமை. ஐயா சாமி, டெகோவே இல்லாத டைவுல முதல் நம்பருக்கு வேலையே இல்ல. உங்க நிமிஷத்தை நிர்ணயிக்கிறது ரெண்டாவது நம்பர் மட்டும்தான். 10/95ன்னு வெச்சுட்டு முதல் நம்பரைப் பாத்து நிம்மதியா தூங்குற ஆளையும் நான் பாத்திருக்கேன்.

சரி, முதல் நம்பருக்கு வேலை இருக்குற இடத்துலயாவது கம்மியா வெச்சா நல்லதா? இது இன்னும் சுவாரசியமான கதை. ரிச்சர்ட் பைல்னு ஒரு மீன் ஆராய்ச்சியாளர். ஆழத்துல மீன் பிடிச்சுட்டு வரும்போது மீனோட காத்துப்பை உப்பிடும், அதை ஊசியால குத்தி விட நடுவழியில, ரொம்ப ஆழத்துலயே கொஞ்ச நேரம் நிப்பார். மீன் பிடிச்ச நாள்ல எல்லாம் தனக்கு டைவுக்கு அப்புறம் அசதி கம்மியா இருக்குன்னு கவனிச்சார். இதுல இருந்து கிளம்பினதுதான் டீப் ஸ்டாப் மோகம். நாம எல்லாம் வலைப்பதிவு ஆரம்பிச்ச காலத்துல டைவிங் உலகத்துல இதுதான் வேதம். குமிழ் உருவாகுறதுக்கு முன்னாடியே அமுக்கணும்னு புதுப்புதுக் கணக்குகள், 20, 10ன்னு முதல் நம்பர். சந்தேகம் கேட்டவனை எல்லாம் பட்டிக்காட்டான் மாதிரி பாத்தாங்க.

2011ல அமெரிக்கக் கடற்படையோட பரிசோதனை டைவிங் பிரிவு தன் முடிவை வெளியிட்டுச்சு. டூலெட், கெர்த் குழு. 52 மீட்டர், 30 நிமிஷம், மேல வர்றதுக்கு மொத்தம் 174 நிமிஷம் ஸ்டாப். ஒரு கூட்டம் அந்த நேரத்துல நிறையப் பங்கை ஆழத்துல நின்னுச்சு. இன்னொரு கூட்டம் ஆழம் கம்மியான இடத்துல நின்னுச்சு. ஆழத்துல நின்னவங்க 198 டைவ், 11 பெண்ட்ஸ். மேல நின்னவங்க 192 டைவ், 3 பெண்ட்ஸ். நீங்க ஆழத்துல நின்னு வேகமான திசுக்களைக் காப்பாத்திகிட்டு இருக்கும்போது, மெதுவான திசுக்கள் எல்லாம் சாவகாசமா இன்னும் நைட்ரஜனைக் குடிச்சுகிட்டு இருக்கு. "ஜாக்கிரதை"ன்னு நினைச்சு பண்ணினதே பாதகமாயிடுச்சு. அதுக்கப்புறம் விவரம் தெரிஞ்சவங்க முதல் நம்பரை 40, 50ன்னு ஏத்திகிட்டாங்க. ஆனா மட்டக்களப்புக்கு வெளிய 1942ல மூழ்கின ஹெர்மிஸ் கப்பலைப் பாக்கணும்னு கனவு காணுற நம்ம நண்பர்கள்ல சிலர் இன்னும் 20/80தான் பேசறாங்க. அந்தக் கப்பல் கிடக்குறது சுமார் 53 மீட்டர்ல. அதாவது அந்தச் சோதனை நடந்த அதே ஆழம்.

சரி, இப்போ என் கோவத்துக்கு நேரடிக் காரணத்துக்கு வர்றேன்.

நம்ம சிங்கப்பூர் கோஷ்டியில ஒரு நண்பர். பேர் வேணாம். தியோமன் தீவுக்கு மூணு நாள் ட்ரிப், மொத்தம் ஒன்பது டைவ். நான் போகல. கடைக்காரங்க வாடகைக்குக் குடுத்த கம்ப்யூட்டர். சாயங்காலம் எல்லாத்தையும் ஒரு பக்கெட்ல போட்டு வாங்கி வெச்சுக்குவாங்க. மறுநாள் காலையில கைக்கு வந்தது உங்களுது. புரியுதா? முதல் நாள் மூணு டைவ்ல நண்பர் உடம்புல சேந்த நைட்ரஜன் கணக்கு எந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கோ, அது மறுநாள் இன்னொரு ஆள் கையில. இவர் கையில இருக்குறது நேத்திக்கு தண்ணியே தொடாத கம்ப்யூட்டர். அது இவரைப் புது ஆளுன்னு நினைச்சு தாராளமா நிமிஷத்தை வாரி வழங்கும். அதோட எல்லாமே பி0. கேட்டதுக்கு "எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தாதான் குரூப்பை ஓட்ட முடியும்"னு கைடு சொன்னாராம்.

மூணாம் நாள் ராத்திரி இடது தோள்பட்டையில வலி. அப்புறம் விரல் நுனியில எறும்பு ஊர்ற மாதிரி. போய் சொன்னா, "கம்ப்யூட்டர் ஒண்ணும் கத்தலையே, லிமிட்டுக்குள்ளதானே இருந்தீங்க, சிலிண்டர் தூக்கினதுல சுளுக்கு"ன்னு கோடாலித் தைலம் குடுத்திருக்காங்க. கோடாலித் தைலம்! ஆக்சிஜன் சிலிண்டர் அந்தக் கடையில ஒரு மூலையில இருந்துச்சாம், எடுக்கல. காலையில படகைப் பிடிச்சு மெர்சிங் வந்து இறங்கி எனக்குப் போன் பண்ணார். அங்க இருந்து நேரா சிங்கப்பூர், நேரா அழுத்த அறை. 18 மீட்டர் அழுத்தத்துல ஆக்சிஜன், 4 மணி 45 நிமிஷம். மறுநாள் இன்னொரு தடவை. தோள் சரியாயிடுச்சு. சுண்டுவிரல் மரமரப்பு போக மூணு மாசம் ஆச்சு. மனுஷன் வீணை வாசிக்கிறவர்.

இதுக்கு டைவிங்காரங்க ஒரு பேர் வெச்சிருக்காங்க: "அன்டிசர்வ்டு ஹிட்". லிமிட்டுக்குள்ள இருந்தும் பெண்ட்ஸ் வந்தா அது அவருக்குத் தகாத அடியாம். எனக்கு இந்த வார்த்தையைக் கேட்டாலே பத்திகிட்டு வருது. அப்போ மத்தவங்களுக்கு வந்தது தகும்ங்கறீங்களா? பெண்ட்ஸோட வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க கம்ப்யூட்டர் சொன்னதைக் கேட்டு நடந்தவங்கதான். அந்த லிமிட்டை எங்கயோ ஒரு மெனுவுல எவனோ செட் பண்ணான். அதுக்குள்ள இருந்தும் அடி விழுந்தா லிமிட்டைக் கேள்வி கேக்கணும். விதியைத் துணைக்குக் கூப்பிடக் கூடாது. வலிக்குதுன்னு ஒருத்தன் சொல்லும்போது பெட்டி கத்தலையேன்னு பதில் சொல்றது மருத்துவமா?

"பத்தாயிரம் டைவுக்கு ரெண்டு மூணு பேருக்கு வர்றதுக்கு இப்படிக் குதிக்கிறியே"ன்னு சிலர் வருவீங்க, தெரியும். உண்மைதான், சும்மா பொழுதுபோக்குக்கு முங்குறவங்கள்ல பத்தாயிரம் டைவுக்கு ரெண்டுல இருந்து நாலுன்னுதான் கணக்கு சொல்றாங்க. கார் ஓட்டுறதுலயும் ஆபத்து இருக்கு. ஆனா ஸ்பீடாமீட்டர்ல எண்ணுக்குப் பதிலா "வேகம்: நிலை 1"ன்னு காட்டுற காரை வாங்குவீங்களா? ஆபத்து கம்மியா இருக்குங்கறதால அதை அளக்குற எண்ணை மறைக்கலாம்னு ஆகாது.

இன்னொரு பக்கம், இருக்குறதுலயே ரொம்பக் கெடுபிடியான செட்டிங்கை வெச்சா பிரச்சனை தீந்ததுன்னும் நான் சொல்லல. 30 மீட்டர்ல ஒன்பதே நிமிஷம்னா பாதிப் பேரு அதைத் தாண்டிடுவாங்க. தாண்டினதும் கம்ப்யூட்டர் கட்டாய ஸ்டாப் கேக்கும், சிலிண்டர்ல காத்து கம்மி, பதட்டம். ஸ்டாப்பை மதிக்காம மேல வந்தா சில மாடல்கள் 48 மணி நேரம் பூட்டிக்கும். மறுநாள் டைவ் போயிடுமேன்னு கம்ப்யூட்டரைக் கயித்துல கட்டி படகுக்கு அடியில அஞ்சு மீட்டர்ல தொங்க விட்டு, அதுக்கு மட்டும் டெகோ பண்ணி வைப்பாங்க நம்ம புத்திசாலிகள். பெட்டிக்கு பெண்ட்ஸ் வராது, சந்தோஷம் ;) நீங்க மதிச்சு நடக்கப் போற 40/85, நீங்க மீறப் போற 35/75ஐ விட எவ்வளவோ மேல். தூக்கம் இல்லையா, வயசாச்சா, குளிரா, அன்னிக்கு மட்டும் ரெண்டாவது நம்பரைப் பத்துக் குறைங்க. குறைச்சேன்னு ஜோடிகிட்ட சொல்லுங்க. அவருக்கும் அதே அளவு குறைச்சுக்குங்க, அப்பதான் ரெண்டு பேரும் சேந்து மேல வர முடியும்.

இலங்கையோட வடக்குலயும் கிழக்குலயும் கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்குற தொழிலாளிகள் இருக்காங்க. ஒரே நாள்ல பல சிலிண்டர் காலி பண்ணுவாங்க, கையில கம்ப்யூட்டர்ங்கற சாமானே பெரும்பாலும் கிடையாது. பெண்ட்ஸ்ல நடக்க முடியாம போனவங்க அதுல இருக்காங்க. அவங்களுக்கு நம்பர் தெரியலன்னா அது வறுமை. ஐம்பதாயிரம் ரூபா குடுத்து பெட்டி வாங்கின நமக்குத் தெரியலன்னா அதுக்கு என்ன பேரு வெக்கிறது?

அதனால அடுத்த தடவை வாடகைக்கு எடுக்கும்போது கடைக்காரர்கிட்ட இதைக் கேளுங்க: இதுல ஓடுற கணக்கு எது, செட்டிங் எதுல இருக்கு, நேத்திக்கு இது யார் கையில இருந்துச்சு, மூணு நாளும் எனக்கு இதே பெட்டி கிடைக்குமா. பெட்டி மேல ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி பேனாவால பேர் எழுதிக்குங்க, வெக்கப்படாதீங்க. சொந்தமா வாங்குறவங்க, கலர் ஸ்க்ரீனை அப்புறம் பாக்கலாம், ஜி.எஃப் எண்ணை முகத்துக்கு நேரா காட்டுற மாடலா பாருங்க. காட்ட மாட்டேங்கற கம்பெனிக்கு மெயில் போடுங்க. நான் ரெண்டு கம்பெனிக்குப் போட்டேன். ஒருத்தர்கிட்ட இருந்து பதிலே இல்ல. இன்னொருத்தர் கையேட்டோட அதே பக்கத்தை பிடிஎஃப்பா திருப்பி அனுப்பினார்.

பி.கு: விமானம் ஏறுறது பத்தி தனியா கேட்டிருந்த நண்பருக்கு: ஒரே ஒரு டைவ், டெகோ இல்லன்னா 12 மணி நேரம். பல நாள் பல டைவ்னா 18 மணி நேரம். டெகோ ஸ்டாப் பண்ணின டைவ்னா அதை விட நிறைய, ஒரு நாளைக்கு மேலயே விட்டுடுங்க. இதெல்லாம் குறைஞ்சபட்சம். கம்ப்யூட்டர்ல விமானப் படம் மறைஞ்சாச்சேன்னு அதுக்கு முன்னாடியே ஏர்போர்ட் போகாதீங்க.